என் பங்கு மாத்திரை

எங்களுக்கு ஓட்டம் பழக்கிய மாஸ்டரின் உள்ளங்கையில் கிடந்த அந்த ஆரஞ்சு நிற மாத்திரைகள் இன்றும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. எழுபதுகளின் கடைசி. மதுரையில் ஒரு பஞ்சாலைக்காக நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் நாங்கள். திருநகரில் கிளம்பி, திருப்பரங்குன்றம் மலையைச் சுற்றி, கண்மாய்க் கரையும் வரப்புமாக ஓடித் திரும்ப வேண்டும். கிளம்புமுன் ஆளுக்கு இரண்டு வலி மாத்திரை. திருநீறு வாங்குவதுபோல வரிசையில் நின்று கையை நீட்டுவோம். "ஓடயில தண்ணி குடிச்சா வயிறு குத்தும்டா. நாக்கு வறண்டாலும் குடிக்கக் கூடாது" என்பார் மாஸ்டர். அவர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

எனக்கு அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது. முதல் மைலிலேயே வாந்தி. என் அத்தை மகனுக்கோ கல்லைத் தின்றாலும் செரிக்கும் வயிறு. நாங்கள் இருவருமே பதிலித் தொழிலாளிகள். யாராவது வேலைக்கு வராத நாளில்தான் எங்களுக்கு வேலை. அந்த வருடப் போட்டியில் ஜெயிக்கிறவனுக்கு வேலை நிரந்தரம் என்று மில்லில் சொல்லியிருந்தார்கள். அவன் மனைவி அப்போது மாசமாக இருந்தாள். அவனுக்கோ முழங்கால் வீங்கிக் கிடந்தது. "மாப்ள, ஒனக்குத்தான் ஆகாதுல்ல, இங்கிட்டுத் தள்ளு" என்றான். தள்ளினேன். பெரிய தியாகம் செய்துவிட்ட நினைப்பு வேறு எனக்கு.

சித்திரை வெயிலில் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் ஓடி ஜெயித்தான். வேலை நிரந்தரமானது. அன்று சாயங்காலம் அவனுக்குச் சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனது. "சூடு மாப்ள" என்று சிரித்தான். நானும் சூடு என்றே நம்பி இளநீர் வெட்டிக் கொடுத்தேன், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துவிட்டேன். அடுத்தடுத்த வருடங்களிலும் மில்லுக்காக ஓடினோம். என் பங்கு அவனுக்கே போனது.

எண்பதுகளின் நடுவில் காலும் முகமும் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தான். தண்ணீர் குடிக்காமல் ஓடியதும் வலி மாத்திரையும் சேர்ந்துதான் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டன என்று டாக்டர் என்னிடம் வராந்தாவில் சொன்னார். உள்ளே போனால், அவன் மனைவியிடம் என்னைக் காட்டி, "இவன் மட்டும் மாத்திரையத் தரலேன்னா நான் இன்னமும் பதிலியாத்தேன் கெடந்திருப்பேன்" என்கிறான். டாக்டர் சொன்னதை அவன் போய்ச் சேர்ந்த பிறகும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். பயந்தாங்கொள்ளி நான்.

அவன் மகனுக்கு அதே மில்லில் வாரிசு வேலை கிடைத்தது. போன மாதம் அந்தப் பையனின் கல்யாணப் பத்திரிகையோடு அவன் மனைவி வந்தாள்.

"அண்ணே, சாமிக்கு அடுத்து மொதப் பத்திரிகை ஒங்களுக்குத்தேன். அவுக அப்பவே சொல்லிட்டுப் போயிட்டாக."

எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.