சுவரோரச் சுக்கினி

“மூச்சை இழுங்க... பிடிங்க... அசையக் கூடாது” என்று எக்ஸ்ரே அக்கா சொன்னால், எதிரே நோயாளி இருக்கிறார் என்று அர்த்தமில்லை. சிலிண்டர் மாற்ற வருகிறவரிடமும் சொல்வார், பொங்கி வரும் பாலிடமும் சொல்வார். இன்று காலை தோட்டத்தில், வெள்ளரிக்காய் போலக் காய்க்கும் சீமைப் பூசணியான சுக்கினியின் பூவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அது சீக்கிரம் மூடிக்கொள்ளக் கூடாதாம்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவர் வேலை. ஊரார் எலும்பையெல்லாம் பார்த்த கண் என்பதில் கொஞ்சம் கர்வம் உண்டு. முட்டை வாங்கினாலும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவார். வீட்டுக்குள் நுழைந்ததும் வாட்ச், வளையல், சாவி எல்லாவற்றையும் கழற்றி ஒரு கிண்ணத்தில் போடுவது பழக்கதோஷம். வந்த விருந்தாளி கழற்றாமல் உட்கார்ந்தால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

அவர் வீட்டு மாடியில் நான் குடியிருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் இரண்டு தோட்டங்களும் நடுவே ஒரு சுவரும் தெரியும். அந்தப் பக்கம் அவருடைய தங்கை வீடு. ஒரே வீட்டை இரண்டாகப் பிரித்தபோது சுவர் அரையடி இந்தப் பக்கம் தள்ளி வந்துவிட்டது என்பது அக்காவின் வழக்கு. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. அது போதாதென்று சுவர்மேல் இடைவெளி விடாமல் கற்றாழைத் தொட்டிகளை அடுக்கியிருக்கிறார். “காத்து வரட்டும். அவ மூஞ்சி வேண்டாம்.”

இந்தப் பக்கம் சுக்கினி போட்டால் அந்தப் பக்கமும் சுக்கினி. “சின்ன வயசுலேர்ந்தே காப்பி அடிப்பா” என்பார்.

செடி நன்றாகத்தான் வளர்ந்தது. கெடுத்தது அக்காவின் கைதான். மெல்லிய காம்பில் வெறுமனே பூத்தவற்றையெல்லாம் கிள்ளி எறிந்தார். “அடியில பிஞ்சு இருக்கறதுதான் காய்க்கும் தம்பி. மத்ததெல்லாம் தண்டச்சோறு.” அந்தத் தண்டச்சோறுகள்தான் ஆண் பூக்கள். அவற்றின் மகரந்தம் சேராமல் பிஞ்சுகள் ஒவ்வொன்றாக நுனி மஞ்சளாகி, அழுகி விழுந்தன. போனில் வீடியோ பார்த்துத்தான் விஷயம் புரிந்தது. “ஊருக்கெல்லாம் உள்ள பாக்கறேன், பூவுக்குள்ள பாக்கலையே!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இன்று ஒரே ஒரு பெண் பூ விரிந்திருந்தது. மதியத்துக்குள் மூடிவிடும். கிள்ளித் தீர்த்த செடியில் ஆண் பூ ஒன்றுகூட இல்லை. சுவருக்கு அந்தப் பக்கமோ மஞ்சள் மஞ்சளாக மலர்ந்து கிடந்தன.

“தங்கச்சிகிட்ட கேளுங்களேன் அக்கா” என்றேன்.

“கேட்டா கொடுத்துடுவா. அதனாலதான் கேக்க மாட்டேன்.” பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். “இதுவும் அழுகிச்சுன்னா செடியையே பிடுங்கிப் போட்டுடுவேன்.” சொல்லிவிட்டு, அதே செடியின் அடியில் மண்ணை அணைத்துவிட்டார். வெறும் காய்க்காக யாரும் இவ்வளவு தவிக்க மாட்டார்கள். எனக்குப் பாவமாக இருந்தது.

அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், “நீங்க வேணா உங்களுக்குன்னு கேட்டுப் பாருங்க” என்றார்.

போனேன். என்னிடம் ஒரு பூந்தொட்டிகூடக் கிடையாது என்பது தங்கைக்குத் தெரியும். இருந்தும் என் பொய்யைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு பூவைப் பறித்து, இதழ்களை நிதானமாகக் கிழித்தெடுத்துவிட்டு, நடுவிலிருந்த மகரந்தத் தண்டோடு என் கையில் வைத்தார்.

“இப்படியே கொடுங்க. அவ ஒரு அவசரக்குடுக்கை. இதழோட வச்சு அமுக்கிடுவா.”

திரும்பி வந்து அதை அப்படியே சொன்னேன். அக்கா தண்டை வாங்கிக்கொண்டார். குனிந்து, பெண் பூவின் நடுவே அந்தத் தண்டை மெல்ல ஒற்றி ஒற்றித் தடவினார். முடிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்து, மஞ்சள் ஒட்டிய விரல்களைப் புடவையில் துடைத்தார். நேரே சுவரிடம் போய், வரிசையின் நடுவில் இருந்த கற்றாழைத் தொட்டியைத் தூக்கிக் கீழே வைத்தார்.