ஓட்மாரின் மூத்த தாரம்

இன்னொரு பெண்ணாக இருந்திருந்தால் எனக்குக் கவலையே இல்லை. அவள் வீட்டு வாசலில் போய் நின்று, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்திருப்பேன். ஆனால் என் புருஷன் ஓட்மார் பஸ் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு போய்ச் சேர்ந்த இடம் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறை. தத்துவத்தோடு எப்படிச் சண்டை போடுவது? பிடித்து இழுக்க அதற்குத் தலைமயிர்கூடக் கிடையாது.

என் பெயர் ரோஸ்விதா. நான் சொல்ல வந்தது அவன் கதையைத்தான். ஆனால் என் வயிற்றெரிச்சலைத் தள்ளி வைத்துவிட்டு அவன் கதையைச் சொல்ல எனக்கு வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆல்ப் மலையடிவாரத்துக் கிராமத்தில் பூட்டு வேலை செய்பவரின் மகன் அவன். பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரன். அப்பா காதில் அதெல்லாம் ஏறவில்லை. பதினைந்து வயதிலேயே பட்டறைக்கு அனுப்பிவிட்டார். இவன் பகலில் பட்டறை, மாலையில் மாலைப் பள்ளி என்று வருஷக்கணக்கில் அலைந்தான். அப்போதுதான் நான் அவனைப் பார்த்தேன். ரயிலடிக்கு எதிரே இருந்த பேக்கரியில் எனக்கு வேலை. வகுப்புக்குப் போகிற வழியில் தினமும் ஒரு பிரெட்ஸல் ரொட்டி வாங்குவான். வாயைத் திறந்து கேட்க மாட்டான், விரலை நீட்டுவான். அந்த விரலைப் பார்த்து மயங்கினேன் பாருங்கள், என் தலையெழுத்து.

பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கான பரீட்சையில் அவன் தேறினான். இலையுதிர்காலத்தில் தத்துவம் படிக்கப் போவதாக இருந்தான். அந்தக் கோடையில் எனக்கு நாள் தள்ளிப்போனது. இலைகள் உதிர்ந்தபோது எங்களுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது, ஓட்மார் நகர பஸ்ஸின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தான்.

மகள் ஸில்கே பிறந்த அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவனைக் கேட்டேன்.

"ஓட்மார், என்னாலதானே உன் படிப்பு போச்சு?"

குழந்தையின் போர்வையை நன்றாக இழுத்துவிட்டான். "எல்லாம் சரிதான்" என்றான்.

அவ்வளவுதான் பதில். பிறகு நான் கேட்கவில்லை. 'ஆமாம்' என்று சொல்லிவிடுவானோ என்று பயம். நான் இரண்டாவதாக வந்தவள், எனக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள், அவளை விட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்தான் என்பது எனக்குத் தெரியும். வாழ்க்கை முழுக்க அந்த மூத்தாள் எங்கள் வீட்டில் எங்கேயோ ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

சரிதான், சரிதான், சரிதான். பருப்பும் நூடுல்ஸும் சாஸேஜும் செய்து வைத்தால் சரிதான். புது உடுப்பு போட்டுக்கொண்டு நின்றால் சரிதான். மகள் ஹாம்பர்குக்கு வேலைக்குப் போனபோது நான் அழுது தீர்த்தேன். அவன் கைக்குட்டையை நீட்டி "சரிதான்" என்றான். வாயில் கொழுக்கட்டையா என்று கத்தியிருக்கிறேன். பாவம், வேலையும் அப்படி வாய்த்தது. அவன் தலைக்கு மேலே 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று பலகை. அதன் கீழேதான் அவன் ஆயுசு போயிற்று. ரயிலடியிலிருந்து குன்றின் மேலிருக்கும் கல்லூரிக் கட்டிடங்களுக்குப் போகிற தடம் அது. பின்னால் மாணவர்கள் உலகம் இருக்கிறதா இல்லையா என்று வாதாடுவார்கள்; இவன் முன்னால் உட்கார்ந்து கதவைத் திறந்து மூடுவான்.

ஓய்வு பெற்றதும் வேன் வாங்கி இத்தாலிப் பக்கம் ஏரிக்கரைக்குப் போவோம் என்று நான் திட்டம் வைத்திருந்தேன். ஒரு நாள் காலைச் சாப்பாட்டில் முட்டையின் தலையைத் தட்டிக்கொண்டே, "நான் சேந்துட்டேன்" என்றான்.

"எதுல?"

"தத்துவத்துல."

"மூணு வருஷப் படிப்பா?"

"மூணுக்குள்ள முடிஞ்சா."

வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு முடிவை என்னிடம் கேட்காமல் எடுத்திருந்தான், அதுவும் அவளுக்காக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் நாள் போன வேகத்தில் திரும்பி வந்தான். "யாருமே வரல. வகுப்பு இல்லபோல" என்றான். ஒரு நிமிஷம்கூட பஸ்ஸைத் தாமதமாக எடுக்காதவன். பத்து மணி என்று போட்டிருந்தால் பத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கிறான். அங்கே பத்து மணி என்றால் பத்தேகால் என்று அர்த்தமாம். காலகாலமாக அப்படித்தானாம். வயிறு குலுங்கச் சிரித்தேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதி: இவனுக்கும் அந்த இடத்துக்கும் ஒத்து வராது, ஒரு மாதத்தில் ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடலாம்.

எங்கே! அவனுக்கு வாய் முளைத்தது.

ஸ்வென்யா என்று ஒரு பெண், இருபத்திரண்டு வயது இருக்கும். அவனோடு ஒரே வகுப்பு. முதல் தடவை எங்கள் சமையலறைக்கு வந்தபோதே, "ஓட்மார், உன் சைக்கிள வெளிய நிறுத்தியிருக்கே, மழை வருது பாரு" என்றாள். நீ! உன்! மாடி வீட்டுக் கோர்பர் அம்மாவும் நானும் இருபது வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். இன்னும் நீங்கள், வாருங்கள்தான். எங்கள் ஊரில் பெரியவர்கள் பார்த்து அனுமதி கொடுத்தால்தான் சின்னவர்கள் 'நீ' என்று சொல்ல முடியும். கூடப் படிப்பவர்களுக்குள் வயது பார்ப்பதில்லையாம். என்னிடம் மட்டும் மரியாதையாக, "நீங்க பருப்பு ரொம்ப நல்லா செய்றீங்க" என்றாள். சாஸேஜை ஓரமாகத் தள்ளிவிட்டாள், இறைச்சி சாப்பிட மாட்டாளாம். என் புருஷனுக்கு நீ, எனக்கு நீங்க. என் வீட்டிலேயே நான் விருந்தாளி ஆகிவிட்டேன்.

அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினார்கள்.

"இல்ல ஸ்வென்யா, அப்படி எடுத்துக்கிட்டா முன்னாடி சொன்னது அடிபட்டுப் போகுது."

"அடிபடட்டுமே! அந்த ஆளே குழம்பித்தான் எழுதியிருக்காரு."

"குழப்பம் அவருக்கு இல்ல, உனக்கு."

சிரித்தான். ஓட்மார் பல் தெரியச் சிரித்தான். நான் அடுப்படியில் தட்டுகளைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன். இத்தனை வார்த்தைகளை இவன் எங்கே வைத்திருந்தான்? எனக்குச் சேர வேண்டியவை அல்லவா அவை?

அந்தப் பெண் மேல் சந்தேகமா என்று என் தங்கை கேட்டாள். சீச்சீ, அவள் குழந்தை. அவள் வெறும் தோழி. மூத்தாளின் வீட்டுக்கு அவனைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறவள்.

அடுத்து வந்தது படிக்கட்டு விவகாரம். எங்கள் கட்டிடத்தில் வாரத்துக்கு ஒரு வீடு படிக்கட்டும் நடைபாதையும் பெருக்க வேண்டும். யார் முறையோ அவர்கள் கதவில் ஒரு பலகை தொங்கும். எங்கள் வீட்டில் அது ஓட்மாரின் வேலை, காய்ச்சலிலும் தவறியதில்லை. அந்தச் சனிக்கிழமை பலகை எங்கள் கதவில் தொங்க, படியெல்லாம் ஈர இலை கிடக்க, இவன் ஸ்வென்யா கூட்டத்தோடு படிக்கப் போய்விட்டான். நான் ரோட்டன்பர்கில் தங்கை வீட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை திரும்பினால் கோர்பர் அம்மா கீழ்ப்படியில் காத்துக்கொண்டு நிற்கிறாள்.

"உங்க வீட்டுக்காரர் இப்ப பெரிய படிப்பு படிக்கிறாராமே. இலையெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியாது, பாவம்."

மானம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலை கூடாது என்றும் பாராமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பெருக்கினேன். அவன் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"போ, அவளோடவே போய்க் குடும்பம் நடத்து!"

"யாரோட?"

"உன் தத்துவத்தோட! எனக்கு முன்னாடியே இருந்தாளே, அவளோட!"

கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினான். ஏதோ சொல்ல வருகிறான் என்று நினைத்தேன். "நாளைக்கு நான் பெருக்கறேன்" என்றான்.

மறுநாள் அவன் பெருக்கிக்கொண்டிருந்தபோது ஸ்வென்யா வந்தாள். படியில் அவனைத் தாண்டி மேலே ஏறி, வாசலில் நின்ற என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"வியாழக்கிழமை ஓட்மார் வகுப்புல கட்டுரை படிக்கறான். நீங்க வர்றீங்கல்ல?"

"என்ன கட்டுரை?"

"உங்ககிட்ட சொல்லலயா?" அவள் முகம் மாறியது. "பேசாம இருக்கறது பொய் சொல்றதாகுமா, அதான் விஷயம்."

சுருக்கென்றது. பேசாமல் இருப்பதைப் பற்றிப் பேசப் போகிறானாம், என்னிடம் பேசாமலே.

வியாழக்கிழமை நான் சரியாகப் பத்து மணிக்கே போய்விட்டேன். கால்மணி நேரம் யாரும் வர மாட்டார்கள் என்று தெரியுமே. கடைசி வரிசையில், கோட்டு மாட்டும் கொம்புக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பிள்ளைகள் வந்தார்கள், பேராசிரியர் அம்மா வந்தாள், ஓட்மார் வந்தான். படிக்கிற கண்ணாடியைப் போட்டிருந்தான். அதைப் போட்டால் அவனுக்குத் தூரத்தில் இருப்பது எதுவும் தெரியாது.

ஆரம்பத்தில் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. அப்புறம் காகிதத்தைக் கீழே வைத்தான்.

"ஒரு உதாரணம் சொல்றேன். ஒருத்தன் படிக்கணும்னு இருந்தான். குழந்தை வந்துது, படிக்கல. அவன் மனைவி கேட்டா, 'என்னாலதானே?' அவன் 'எல்லாம் சரிதான்'னு சொன்னான். அவன் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்ல. ஆனா அவளோட கேள்விக்கு அது பதிலும் இல்ல. பதில் வராதுன்னு தெரிஞ்சு அவ கேக்கறத நிறுத்திட்டா. அதனால, அவன் பொய் சொன்னான்னுதான் நான் நினைக்கறேன். தினமும் சொன்னான்."

நான் மட்டுமே சுமந்துகொண்டிருப்பதாக நினைத்த கேள்வி. அதை அவனும் மறக்கவில்லை. அதை இந்தப் பொடிசுகள் முன்னால், என்னைத் தவிர எல்லார் முன்னாலும் எடுத்துப் போடுகிறான்! சந்தோஷமும் பொறாமையும் ஒரே நேரத்தில் வந்தன.

"நன்றி" என்று சொல்லிவிட்டு ஓட்மார் உட்கார்ந்தான்.

உடனே அறையில் இருந்த அத்தனை பேரும் விரல் முட்டியால் மேஜையைத் தட்டினார்கள். டக டக டக என்று. எங்கள் ஊர்ச் சாராயக் கடையில் ஒருவன் எழுந்து போகும்போது ஒவ்வொருவர் கையாகக் குலுக்காமல் மேஜையை இப்படித்தான் தட்டிவிட்டுப் போவான். முடிந்தது, கிளம்பு என்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எழுந்துவிட்டேன்.

"தட்டாதீங்க! அவன் இன்னும் முடிக்கல! அவன் இன்னும் பதிலே சொல்லல!"

எல்லாத் தலைகளும் திரும்பின. ஓட்மார் கண்ணாடியைக் கழற்றினான்.

"ரோஸ்விதா?"

எனக்கு முன் வரிசையில் இருந்த ஸ்வென்யா என் பக்கம் சாய்ந்து, "அது பாராட்டுங்க. இங்க கை தட்ட மாட்டோம், மேஜையத்தான் தட்டுவோம்" என்று கிசுகிசுத்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் உட்காரவில்லை. பேராசிரியர் அம்மா சின்னதாகச் சிரித்து, ஓட்மாரைக் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "கேள்வி நியாயமானதுதான், ஹேஃபெலே. பதில் சொல்லுங்க" என்றாள்.

ஓட்மார் எழுந்தான். அவன் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஆமா" என்றான். "உன்னாலயும் ஸில்கேயாலயும்தான் விட்டேன். வருத்தப்பட்டேன். குன்று மேல ஏறும்போதெல்லாம் வருத்தப்பட்டேன். கீழ இறங்கும்போது வீட்டுக்கு வரப்போறோம்னு இருக்கும், வருத்தம் போயிடும். தினமும் ஏறி இறங்கினேன், ரோஸ்விதா. இதுல எது உண்மைன்னு எனக்கே தெரியாது. அதான் சொல்லத் தெரியல."

யாரும் தட்டவில்லை. நான் உட்கார்ந்தேன். 'ஆமாம்' என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து ஒரு வாழ்க்கையைக் கழித்திருக்கிறேன். வந்த பிறகு பார்த்தால், வலித்தது, ஆனால் நினைத்த இடத்தில் வலிக்கவில்லை. அவன் ஏறும்போதெல்லாம் அவளிடம் போயிருக்கிறான். இறங்கும்போதெல்லாம் என்னிடம் வந்திருக்கிறான். இதை ஏன் சமையலறையில் சொல்லவில்லை, பாவி?

வீட்டுக்கு அவன் ஓட்டின அதே தடத்து பஸ்ஸில்தான் வந்தோம். குன்று இறங்கினோம். ஓட்டுநர் தலைக்கு மேலே அதே பலகை. ஓட்மார் ஜன்னலைப் பார்த்தான், கையைப் பிசைந்தான், என்னைப் பார்த்தான். கல்யாணமான நாளாக என்னிடம் கேட்காத ஒன்றைக் கேட்டான்.

"நான் பேசினது... உனக்கு எப்படி இருந்துச்சு?"

சொல்ல ஆயிரம் இருந்தது. அவன் தோளில் சாய்ந்துகொண்டு சொல்லியிருக்கலாம். ஸ்வென்யாவுக்கு முன்னால் எனக்கல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்று சண்டையும் போட்டிருக்கலாம். நான் அவன் கோட்டுப் பொத்தானை ஒழுங்காகப் போட்டுவிட்டேன்.

"சரிதான்" என்றேன்.

இறங்குகிற இடம் வரும்வரை தவித்துக்கொண்டே வந்தான். தவிக்கட்டும்.