பந்து துளசி பக்கம் வந்தபோது

நாங்கள் வாழும் நோர்வேயில் இன்று மகள் துளசியின் முதல் பேஸ்பால் ஆட்டம். பயிற்சியில் அவள் பிடித்த பந்துகளைவிட விட்ட பந்துகள்தான் அதிகம்.

ஒரு மணி நேரமாக அவள் பக்கம் பந்தே வரவில்லை.

பக்கத்தில் நின்ற, துளசியின் அணிப் பிள்ளை ஒன்றின் அம்மாவான கியூபாக்காரப் பெண்ணிடம், "இந்த விளையாட்டில் என்னதான் பிடிக்கிறது உங்களுக்கு?" என்று நொர்வேஜிய மொழியில் கேட்டேன்.

"பந்து எப்போது வருமென்று தெரியாது. எல்லோரும் சேர்ந்து பயப்படுவோம். அதுதான்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியில் ஒரு பந்து உயரே எழும்பித் துளசியிடம் வந்தது. பிடித்தால் வெற்றி.

"பாத்துப் பிடியம்மா!" என்று கத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்தப் பெண் துள்ளிய துள்ளலில்தான் விஷயம் தெரிந்தது.

துளசி ஓடிவந்தாள். "அம்மா, நான் பிடிச்சதைப் பாத்தனீங்களோ?"

"ஓம் பிள்ளை, வடிவாப் பாத்தனான்."

கண்ணைத் திறந்துகொண்டு பேஸ்பால் பார்க்கத் தெரிந்தவர்கள் சொல்லித்தாருங்கள். அடுத்த சனியும் ஆட்டம் இருக்கிறது.