மதில் சுவரில் ஒட்டிய மாரியம்மன்

சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளட்டும். ஆனால் இது இட்டுக்கட்டிய கதை இல்லை. அபிராமபுரத்தில் அந்தச் சந்துக்குள் போய் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போன கோடையில், பட்டப்பகலில், தாயம்மாவுக்கு நடந்தது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்காதீர்கள்.

தாயம்மாவுக்கு ஒரு தள்ளுவண்டி. மதியம் புளிச்சோறு, தயிர்ச்சோறு, மோர் மிளகாய். ஒரு பழைய பங்களாவின் மதில் ஓரமாக வண்டி நிற்கும். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்த வண்டிதான் அவளுக்குச் சோறு, துணி, வீட்டு வாடகை எல்லாம். அதற்குத்தான் கேடு வந்தது. நாற்றம்! சாதாரண நாற்றமா அது? மூத்திர வாடையும் செத்த எலி வாடையும் சேர்ந்து, கவளத்தோடு கவளமாகத் தொண்டைக்குள் இறங்குகிற நாற்றம். ஆட்டோக்காரர் அக்பர் பாஷா தினமும் சாப்பிடுகிறவர். அவரே ஒருநாள் பாதித் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"கோச்சிக்காத தாயம்மா. வாயாண்ட கொண்டு போனாலே குமட்டிக்கினு வருது."

அடுத்தடுத்த நாட்களில் மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். வடித்த சோறு குப்பைக்குப் போனது. இன்னும் பத்து நாள் இப்படியே போனால் வண்டியை விற்க வேண்டியதுதான்.

பங்களா ராஜரத்தினத்துடையது. பூட்டிப் போட்டுவிட்டு விற்பதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். தாயம்மா போய் முறையிட்டதும் அவர் மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை.

"உங்கிட்ட சாப்பிட வர்றவங்கதான் சுவத்துல ஒண்ணுக்கு அடிச்சிட்டுப் போறாங்க. சாமி டைல்ஸ் ஒட்டிட்டா எவனும் வரமாட்டான். செலவு என்னோடது."

இந்த ஊரில் அதுதானே வைத்தியம். கோயிலில் பட்டும் பூவுமாக அலங்கரிக்கிற அதே தெய்வத்தை, இங்கே மூத்திரத்துக்குக் காவலாக முட்டி உயரத்தில் நிறுத்துவோம். வெட்கங்கெட்ட ஜனங்கள்! அன்றே கொத்தனார் வந்து ஒட்டினார். மாரியம்மன் படம். நாகம் குடை பிடிக்க, கையில் சூலமும் உடுக்கையுமாக, அகன்ற கண்கள் நேரே தெருவைப் பார்த்தன. தாயம்மா மஞ்சள் குங்குமம் இட்டுக் கற்பூரம் காட்டினாள்.

மறுநாள் உச்சிவேளை. சந்தில் ஈ காக்கை இல்லை.

சொட்... சொட்... சொட்...

திரும்பினாள். ஒருவன் மதிலைப் பார்த்து நின்றிருந்தான். அரை டிராயர் மட்டும். உடம்பெல்லாம் ஈரம்.

"யோவ்! சாமி கீது, கண்ணு தெர்ல? ஆத்தா மூஞ்சிலயேவா போவ?"

அவன் திரும்பவில்லை. தாயம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. தட்டு கழுவிய தண்ணீரை வாளியோடு தூக்கி அவன் முதுகில் ஊற்றினாள். தண்ணீர் அவன் மேல் படவில்லை. நேரே டைல்ஸில் போய் அடித்தது.

அங்கே யாரும் இல்லை.

தரையில் மட்டும் கருப்பாக ஒரு சேறு. அது மெல்ல நெளிந்தது... குனிந்து பார்த்தாள். அத்தனையும் புழு. அந்த இடத்திலேயே வாந்தி எடுத்தாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அம்மனைப் பார்த்தாள். கண்கள் தெருவைப் பார்க்கவில்லை. கீழே, மதிலின் அடியைப் பார்த்தன. கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள். வழவழவென்ற டைல்ஸ்தான். அவ்வழியே வந்த அக்பர் பாஷாவை நிறுத்திக் கேட்டாள்.

"நேத்து ஆத்தா எங்க பாத்துகினு இருந்துச்சு?"

"ரோட்டத்தான்..." என்றவர் குனிந்து பார்த்தார். உடனே ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கு மறுநாளும் உச்சிவேளை.

சொட்... சொட்...

தாயம்மா திரும்பினாள். அதே ஆள், அதே இடத்தில்.

அவன் கை உயர்ந்தது. மதிலைத் தட்டியது.

டொக்... டொக்...

மூத்திரம் பெய்ய வந்தவன் இல்லை அவன். தட்டிக்கொண்டிருந்தான். கையை எடுத்தபோது உள்ளங்கைத் தோல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

டொக்... டொக்...

தாயம்மா வண்டியை விட்டுவிட்டு ஓடினாள்.

பேய் என்று சொன்னால் எந்த அதிகாரி வருவான்? சாக்கடை உடைந்துவிட்டது என்று மாநகராட்சியில் புகார் கொடுத்தாள். ஆட்கள் வந்தார்கள். விஷயம் தெரிந்து ராஜரத்தினம் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"அம்மன் இருக்கிற இடம்பா. தோண்டக் கூடாது. தெய்வ குத்தமாயிடும்."

வந்தவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மதிலை ஒட்டி உள்பக்கம் செப்டிக் டேங்க் இருந்தது. அதன் மூடியைச் சுற்றிப் புது சிமென்ட் பூச்சு. உடைத்துத் திறந்தார்கள். திறந்தவர்களே மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

உள்ளே முனியன் கிடந்தான். கண்ணகி நகர்க்காரன், டேங்க் சுத்தம் செய்ய வந்தவன். உள்ளே இறக்கியதும் விஷவாயு அடித்திருக்கிறது. வீட்டை விற்கிற நேரத்தில் போலீஸ் எதற்கு என்று ராஜரத்தினம் அன்றைக்கே மூடிப் பூசிவிட்டார். தேடி வந்த அவன் பெண்டாட்டி முத்துமாரியிடம், கூலி வாங்கிக்கொண்டு அப்போதே போய்விட்டான் என்று கைவிரித்தார். அந்தப் பாவம் வெளியே நாறியபோது, மேலே அம்மனை ஒட்டினார். அதை நினைத்தால்தான் எனக்குப் புழுவைவிட அருவருப்பாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்ட முத்துமாரியைக் கூப்பிட்டார்கள். தாயம்மாவும் துணைக்குப் போனாள், வெளியே நின்றாள். உள்ளே போனவள் வெகுநேரம் கழித்து வந்தாள். அழவில்லை.

"முகம் இல்லக்கா. ஒண்ணுமே இல்ல, எல்லாம் கரைஞ்சி பூட்சி. மாருல மாரியாத்தாவ பச்ச குத்தியிருந்துச்சு. அந்த எடம் மட்டும் அழுகாம அப்டியே கீது. அத்த வச்சித்தான் சொன்னேன்."

தாயம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது.

"ஆனா ஒண்ணுக்கா... அவர் உசுரோட இருந்தப்போ ஆத்தா கண்ண தொறந்துகினு இருக்கும். இப்போ ரெண்டு கண்ணும் மூடிக்கினு கீது."