ஹால் தரையில் கோலமாவால் ஒரு சமையல்கட்டு

முப்பது வருடம் நான் பின்னால் நின்றவள். மலேசியாவில், கிள்ளானில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் தெரஸ் வீட்டின் கடைசியில், தகரக் கூரை போட்ட சமையல்கட்டில். முன்னால் ஹால். சோபா, டிவி, சுவரில் உயரமாகச் சாமி மேடை எல்லாம் அங்கே. என் கணவரும், ஞாயிறு தவறாமல் வருகிற அவருடைய அக்கா குடும்பமும் அங்கே. நான் பின்னால் நண்டு உடைத்துக்கொண்டிருப்பேன். ஹால் அதிரும்படி சிரிப்பார்கள். "என்ன சிரிப்பு அங்க?" என்று கத்துவேன். "ஒண்ணும் இல்ல" என்று பதில் வரும். மழை பெய்தால் அதுவும் வராது, தகரச் சத்தத்தில் நான் கேட்டதே யாருக்கும் கேட்காது.

அவர் ஓய்வு பெற்றதும் வீட்டைப் புதுப்பிக்கலாம் என்றார். கன்ட்ராக்டர் வந்து பேப்பரை விரித்தார்.

"அக்கா, முன்னுக்கு டிரை கிச்சன் போட்டுடலாம். காப்பி கலக்க, ஆளுங்க வந்தா பார்க்க அழகா இருக்கும். பின்னுக்கு வெட் கிச்சன். உங்க சமையல் எல்லாம் அங்க. வாசம் வெளியே வராது லா."

எனக்கு வந்ததே கோபம்! பார்ப்பதற்கு ஒரு சமையல்கட்டு, பாடுபடுவதற்கு ஒரு சமையல்கட்டா? காப்பி கலக்குகிறவருக்குப் பளபளவென்று கல் மேடை, மசாலா அரைக்கிறவளுக்கு அதே தகரக் கூரை. நல்லா இருக்கே நியாயம்.

"பேப்பரை மடிச்சு வைங்க பாஸ். நாளைக்கு வாங்க, நான் வரைஞ்சு காட்டுறேன்" என்றேன்.

மறுநாள் காலையில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டுக் கோலமாவு டப்பாவை எடுத்தேன். ஹாலின் பின்பாதித் தரையில் நிஜ அளவுக்கே கோடு போட்டேன். அடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கட்டும், நடுச்சுவரை மட்டும் உடைத்தால் போதும். சமையல் என்ன அடுப்பிலேயா நடக்கிறது? அது அரை மணி நேர வேலை. வெங்காயம் உரிப்பதும், கீரை ஆய்வதும், நெத்திலித் தலை கிள்ளுவதும், தேங்காய் துருவுவதும்தான் பொழுதைத் தின்கின்றன. அதற்கு எந்த வீட்டிலும் இடம் வைப்பதில்லை. நான் வைத்தேன். உட்கார்ந்து வேலை செய்கிற உயரத்தில் நீளமாக ஒரு மேசை, சுற்றி ஆறு முக்காலி. கிரைண்டருக்கு இடுப்பளவில் ஓர் இழுப்புத் தட்டு, இனி அந்தக் கல்லைத் தூக்கி நான் முதுகை ஒடித்துக்கொள்ளப் போவதில்லை. அரிசி டின்னுக்கு அடியில் சக்கரம். வெங்காயத்துக்குக் கம்பி வலை போட்ட இழுப்பறை, இந்த ஊர் ஈரத்துக்குக் காற்று படாவிட்டால் உடனே முளைத்துவிடும். வெள்ளிக்கிழமைப் பாத்திரங்களுக்குத் தனி அலமாரி, கறிச்சட்டி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக்கூடாது. வரைந்து முடித்து, பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு கோடுகளுக்குள் நடந்து பார்த்தேன். நெருக்கமாகப் பட்ட இடத்தில் அழித்து மறுபடி போட்டேன்.

சொன்னபடி கன்ட்ராக்டர் வந்தார். தகவல் போய், நாத்தனாரும் வந்துவிட்டார்.

"வீட்டுக்கு ஆள் வந்தா எங்க உட்காருவாங்க?"

"இங்கதான் அண்ணி. முக்காலி ஆறு இருக்கே."

"வெங்காய வாடை சோபாவுல ஏறிடாது?"

"அப்ப சோபாவைத் தூக்கிடலாம்."

என் கணவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கோட்டைச் சுற்றி மூன்று முறை நடந்தார். முப்பத்தைந்து வருடம் அரசாங்க ஆபீசில் அடுத்தவர் ஃபைலில் குறை கண்டுபிடித்த நடை அது. ஓரிடத்தில் நின்றார்.

"இது என்ன சதுரம்?"

"மீன், நண்டு கழுவுற சிங்க்."

"சாமிக்கு நேர் கீழயா?"

பக்கச் சுவரில் தண்ணீர்க் குழாய் போகிறது என்பதை மட்டும் பார்த்தேன், நிமிர்ந்து மேலே பார்க்கவில்லை. முருகன் காலடியில் நண்டு ஓடு! நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் வெற்றிக் களை.

"பார்த்தியா? இதுக்குத்தான் சொல்றது, சமையல் பின்னாலயே இருக்கணும்னு."

தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். கன்ட்ராக்டர் தன் பேப்பரை மெதுவாக விரிக்க ஆரம்பித்தார். இப்போது விட்டால் கடைசி வரைக்கும் எனக்குத் தகரக் கூரைதான். குனிந்தேன். அந்த ஒரு சதுரத்தை மட்டும் உள்ளங்கையால் துடைத்தேன்.

"சரி. மீனும் நண்டும் பின்னாடியே இருக்கட்டும். மத்தது எல்லாம் இங்கதான்."

"அப்ப அதை யாரு பின்னாடி நின்னு கழுவுறது?" என்றார் என் கணவர்.

"நீங்கதான். குறை சொன்னதும் நீங்க, நண்டு கேக்குறதும் நீங்க. எனக்குச் சாம்பார் போதும்."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா ஃபேனைப் பார்த்தார். கன்ட்ராக்டர் பேப்பரைச் சுருட்டிவிட்டு அளவு டேப்பை எடுத்தார்.

வேலை முடிய இரண்டு மாதம் ஆனது. அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு என் வீட்டில் சாம்பார்தான். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், வைத்துக்கொள்ளட்டும். நான் இறங்கி வரவில்லை. நாலாவது ஞாயிறு காலையில் அவரே மீன் பாசாருக்குப் போய் நண்டோடு வந்து நின்று, "அந்தப் பெரிய கத்தரிக்கோல் எங்க வச்சிருக்க?" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

அன்றைக்கும் நாத்தனார் குடும்பம் வந்தது. முக்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு முன்னால் ஆளுக்கொரு தட்டு வைத்தேன், வெங்காயமும் பூண்டுமாக. என் மேசையில் யாரும் சும்மா உட்கார முடியாது. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே உரித்தார். உரித்துக்கொண்டே, தன் தம்பி, அதான் என் வீட்டுக்காரர், சின்ன வயதில் இரண்டு காலுக்கும் இடது கால் சப்பாத்தையே மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய், சாயங்காலம் வரை நொண்டிய கதையைச் சொன்னார். முப்பது வருடமாக அந்தக் கதையின் சிரிப்பு மட்டும்தான் எனக்குக் கிடைத்திருக்கிறது. கதையை அன்றுதான் கேட்டேன். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

அப்போது பின்னால் தகரக் கூரைக்குக் கீழிருந்து அவர் குரல் வந்தது. மழை இல்லை, தெளிவாகவே கேட்டது.

"என்ன சிரிப்பு அங்க?"

மேசையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் இல்லங்க!" என்று கத்தினேன்.