தலைதீபாவளிக்குக் கொண்டுபோன மர்ம நாவல்

நூலகத்தில் வேலை பார்ப்பவன் நாள் முழுக்கப் படித்துக்கொண்டிருப்பான் என்று நினைப்பவர்கள், மிட்டாய்க் கடைக்காரன் நாள் முழுக்க லட்டு தின்கிறான் என்றும் நினைப்பார்கள் போலிருக்கிறது. புதுக்கோட்டையில் நான் நூலகராக இருந்த காலத்தில் எனக்குப் படிக்கக் கிடைத்தது வாரத்தில் ஒரே நாள்தான். வெள்ளிக்கிழமை வார விடுமுறை. வியாழன் மாலை கதவைப் பூட்டும்போது ஒரு புத்தகத்தை என் பேரில் பதிந்து எடுத்துப் போவேன். மறுநாள் காலைப் பலகாரம் முடித்து உட்கார்ந்தால் கடைசிப் பக்கம் பார்த்த பிறகுதான் எழுந்திருப்பேன். பாதியில் விட்ட புத்தகம் அடுத்த வெள்ளிவரை பல்லில் சிக்கிய பாக்குத் தூள் மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கும்.

தீபாவளி நெருங்கினால் அந்த ஒரு நாளுக்கும் கேடு வந்துவிடும். பத்திரிகைகளின் தீபாவளி மலர்கள் வந்து இறங்கியதும் ஊரே நூலகத்துக்குள் நுழையும். மலர்கள் கால் முளைத்து வெளியே போகாமல் இருக்க, சணல் கயிறு கோத்து மேசைக் காலோடு கட்டிவைப்பேன். எனக்குக் கல்யாணமான வருஷம் இதோடு ஜவுளி எடுக்கும் வேலையும் சேர்ந்துகொண்டதால் முந்தைய வெள்ளிக்கிழமைகள் எல்லாம் வீணாய்ப் போயின. அந்தப் பசியோடுதான் தலைதீபாவளிக்கு வல்லத்திராக்கோட்டையில் இருந்த மாமனார் வீட்டுக்குப் போனேன். பெட்டியில் வேட்டிகளுக்கு அடியில் ஒரு மர்ம நாவல் இருந்தது.

தீபாவளி வியாழனன்று வந்தது. எண்ணெய்க் குளியல், புது வேட்டி, விரலுக்கு மோதிரம், இலை கொள்ளாத கறிச்சோறு. அத்தை காப்பி கொண்டுவந்து, "மணி என்ன இருக்கும் மாப்ளே?" என்று கேட்டார். "எங்கிட்ட வாட்ச் ஏது அத்தை" என்றேன். உள்ளதைச் சொன்னேன், அவ்வளவுதான். நூலகத்துச் சுவரில் கடிகாரம் தொங்கும்போது கைக்கு எதற்கு ஒன்று?

மறுநாள் வெள்ளி. மாப்பிள்ளையைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் இன்னும் கிளம்பவில்லை. அவர்கள் நடுவில் புத்தகத்தை விரித்தால், இவன் நம்மை மதிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் காலைப் பலகாரத்தைப் பேருக்குக் கொறித்துவிட்டு, யாரும் பார்க்காத நேரம் வண்டிக் கொட்டகைக்குப் போய் கூண்டு வண்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டேன். வெளியே ஐப்பசித் தூறல். புத்தகத்தில், பூட்டிய அறைக்குள் ஒரு மிராசுதார் செத்துக் கிடக்கிறார். சாப்பிடக் கூப்பிட்ட சத்தம் எங்கோ கேட்டது. வண்டியை ஒட்டி ஒரு மாடு நடந்து போன சத்தமும் கேட்டது. நான் தலையைத் தூக்கவில்லை. அவ்வளவு சுகமான வெள்ளிக்கிழமை எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

கூண்டுக்குள் என் மனைவி எட்டிப் பார்த்தபோது அவள் முகம் அழுது வீங்கியிருந்தது.

"ஒங்களுக்கு என்னதான் வேணும்? வாயத் தொறந்து சொல்லுங்க."

"இருபது பக்கம்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. அவள் அக்காள் புருஷன் தன் தலைதீபாவளியில் சைக்கிள் கேட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனவர். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அக்காள் பிறந்த வீட்டில்தான் கிடந்தாள். வாட்ச் இல்லை என்று நான் சொன்னதும், மறுநாள் பந்தியில் என்னைக் காணாததும் சேர்ந்து, இரண்டாவது மாப்பிள்ளையும் முறுக்கிக்கொண்டார் என்று வீடே நடுங்கிப்போயிருக்கிறது. என் மனைவி கன்றிலிருந்து வளர்த்த சினைக் கிடேரியை விற்று எனக்கு வாட்ச் வாங்க, அதை ஓட்டிக்கொண்டு மாமா திருவரங்குளம் தரகரிடம் போயிருந்தார். வெள்ளிக்கிழமை அதுவுமாய் மகாலட்சுமியை வீட்டைவிட்டு ஓட்டுவார்களா? ஓட்டியிருந்தார்.

எனக்கு வந்தது கோபம். அந்தச் சைக்கிள்காரர் மீது, ஊரில் உள்ள அத்தனை மாப்பிள்ளைகள் மீதும். புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, புது வேட்டியை மடித்துக் கட்டி ஓடினேன். நூலகருக்கு ஓட்டம் பழக்கமில்லை. கண்மாய்க் கரை சேற்றில் இரண்டு தடவை விழுந்தேன். கரை முடிகிற இடத்தில் கிடேரி நகர மாட்டேன் என்று நின்றது. மாமா அதைத் தட்டிக்கொடுத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது.

"மாமா, எனக்கு வாட்சும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் படிச்சுக்கிட்டு இருந்தேன்."

அவர் நம்பவில்லை. "பந்தியை விட்டுட்டா? அப்படி என்ன இருக்கு மாப்ளே அதுல?"

புத்தகத்தை வெளியே எடுத்துக் காட்டினேன். அதைக் கண்டும் அவர் முகம் தெளியவில்லை. வேறு வழியில்லாமல் கிடேரியை ஊர்ப் பக்கம் திருப்பிவிட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பூட்டிய அறை, மிராசுதார், கணக்கப்பிள்ளை, சமையல்காரர், சொத்துக்காகக் காத்திருக்கும் மருமகன். முதலில் எனக்காகத் தலையாட்டியவர், பாதிக் கரை வந்ததும் நின்றுவிட்டார்.

"மருமகன்தானா?"

"தெரியல மாமா. இருபது பக்கம் பாக்கி இருக்கு."

"அப்ப வெரசா வாங்க. இங்கிட்டுக் குறுக்க போயிறலாம்."

அத்தை வாசலிலேயே நின்றார். கிடேரி தானாகத் தன் இடத்துக்குப் போனது. என் மனைவி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், அழுதாள். எனக்கு இலை போட்டார்கள். நான் தின்று முடிக்கும்வரை மாமா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கை கழுவியதும் கட்டிலைக் காட்டினார். சொந்தக்காரர்களும் கூடிவிட்டார்கள். என் வாழ்க்கையில் வெள்ளிக்கிழமைப் புத்தகத்தை வாய்விட்டுப் படித்தது அன்றுதான். மருமகன் பேர் வரும்போதெல்லாம் அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

கடைசியில் கொலை செய்தவர் கணக்கப்பிள்ளை. மாமா நீளமாக ஒரு மூச்சு விட்டார். அன்று காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த மூச்சு அது. கொல்லைப் பக்கம் வேலையாக எழுந்து போயிருந்த அத்தைக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"மருமகன் மேல ஒரு தப்பும் இல்லையாம் புள்ள. நாமதான் சும்மா சந்தேகப்பட்டுட்டோம்."