பழைய இரும்புக்குப் போன கோச்சி

மூன்று வருடங்களுக்கு முன்பு, எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட நிரம்பாத நேரம். ஒரு சனிக்கிழமை பகல், சாய்ந்தமருதில் என் மனைவியின் வீட்டில் சோற்றுப் பீங்கானுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். நிந்தவூரிலிருந்து உம்மா அழைத்தார். அந்த ஒரு அழைப்பு என்னை எங்கெல்லாம் ஓட வைத்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் என் பைத்தியத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பழைய தகர ரயில் பொம்மைகள் சேர்ப்பவன். சாவி கொடுத்தால் ஓடும் எஞ்சின், பெட்டிகள், தகரத்தில் வளைத்துச் செய்த ஸ்டேஷன், கைகாட்டி, சுரங்கம் எல்லாம்தான். நாங்கள் கோச்சி என்று சொல்லும் ரயில் எங்கள் கரையில் கிடையாது. தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடும். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அந்தப் படிப்புத்தான் என்னை முதன்முதலில் கோச்சியில் ஏற்றியது. கொழும்புக்குப் படிக்கப் போன அந்தப் பயணத்தில் இருக்கையில் உட்காரவே மனம் வரவில்லை. வாசலில் நின்றபடியே போனேன். பிறகு ஒரு நாள் புறக்கோட்டை நடைபாதையில், உடைந்த ரேடியோக்களுக்கு நடுவில், சக்கரமில்லாத ஒரு சிவப்புத் தகர எஞ்சினைக் கண்டேன். சின்ன வயதில் எனக்கு யாரும் வாங்கித் தராத ஒன்று, இருபது வயதுக்குப் பிறகு கைக்கு வந்தது.

அன்று தொடங்கியதுதான். இந்த எஞ்சின்களில் ஆணி இருக்காது. தகரத்திலேயே சின்ன நாக்குகள் வெட்டி, துளைக்குள் நுழைத்து மடித்திருப்பார்கள். அவசரப்பட்டு இரண்டு தடவை நிமிர்த்தினால் நாக்கு ஒடிந்து கையோடு வந்துவிடும். மேலே இருக்கும் நிறமும் பூசியதல்ல, அச்சடித்தது. துருக் கறளைத் தேய்க்கிறேன் என்று உரைதாளை எடுத்தால் ஜன்னல், ஜன்னலில் எட்டிப் பார்க்கும் ஆள், எல்லாம் போய்விடும். தையல் மெஷின் எண்ணெயில் பழந்துணியை நனைத்து, விரல் நுனியால் நாள்கணக்காகத் துடைக்க வேண்டும். எங்கள் உப்புக் காற்றில் துடைத்து முடிப்பதற்குள் அடுத்த மூலையில் கறள் தொடங்கிவிடும். வயல் வட்டையிலிருந்து வரும் வாப்பா கால் கழுவிக்கொண்டே, "இதுக்குத்தான் படிக்க வெச்சனா?" என்பார். கூட்டாளிகள் எனக்கு வைத்த பெயர் நிந்தவூர் ஸ்டேஷன் மாஸ்டர்.

அடுத்து எங்கள் ஊர் வழக்கம் ஒன்று. எங்கள் பக்கத்தில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுடையது. கட்டில், அலுமாரி, கதிரை, பீங்கான் கோப்பை எல்லாம் பெண் வீட்டாருடையது. நான் ஒரு உடுப்புப் பெட்டியோடு போனேன். ரயில்களைக் கொண்டுபோக வெட்கம். கல்முனையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மருமகன் விளையாட்டுச் சாமானோடு வந்திறங்கினால் எப்படி இருக்கும்? எல்லாவற்றையும் பழந்துணியில் சுற்றி, பெரிய பிஸ்கட் தகரமொன்றுக்குள் அடுக்கி, உம்மா வீட்டில் என் அறையில் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

மாமி வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கோழிக் காலும் மீன் தலையும் என் பீங்கானுக்குத்தான் வரும். ஆனால் மாமி என்னோடு நேரே கதைப்பதில்லை. சமையல் குசினியின் திரைக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார், மகள் என்னிடம் சொல்வாள். "உம்மா கேக்கிறா, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவாம்." நானும் திரையைப் பார்த்து, போதும் என்று மனைவியிடம் சொல்வேன். கடைக்குப் போகக்கூட என்னை விடமாட்டார்கள். மரியாதைதான். ஆனால் மாதக்கணக்கில் விருந்தாளியாக இருந்து பாருங்கள், கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியாது.

இதற்கிடையில் என் தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமானது. நான் வளர்ந்த வீடு இனி அவளுக்கு. அதுவும் வழக்கம்தான். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும், உன் சாமான்களை எடுத்துக்கொண்டு போ என்று உம்மா பல தடவை சொன்னார். எடுத்து எங்கே வைப்பது? அந்த வீடு தங்கச்சியுடையது, இந்த வீடு மனைவியுடையது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை உம்மா சொன்னது இதுதான்: "மகன், பெயின்ட்காரனுகள் வந்திட்டானுகள். உன்ட பிஸ்கட் தகரம் கறள் புடிச்சுக் கிடந்திச்சு. இப்பதான் பழைய இரும்புக்காரன்ட ஓட்டோ வந்திச்சு, தூக்கிக் குடுத்திட்டன். நீ எடுக்கவும் வரல்ல, வேணாமெண்டு விட்டிரிக்காய் எண்டு நினைச்சன்."

உம்மா மேல் கோபப்பட என்ன இருக்கிறது? சரி உம்மா என்று வைத்துவிட்டேன். ஆனால் பிசைந்த சோறு வாய்க்குப் போகவில்லை. மனைவி என்னவென்று கேட்டாள். "ஒண்டுமில்ல, பழைய விளையாட்டுக் கோச்சி கொஞ்சம் கிடந்திச்சு, உம்மா இரும்புக்குக் குடுத்திட்டா" என்று சிரித்தபடி சொல்லத்தான் நினைத்தேன். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு போய்விட்டது, பீங்கானைத் தள்ளி வைத்தேன்.

திரை விலகியது. மாமி வெளியே வந்து நின்றார்.

"எந்தப் பக்கம் போனானாம்?"

முதலில் மனைவியைத்தான் பார்த்தேன், பழக்கம் அப்படி. மாமி என்னைத்தான் கேட்டார். காரைதீவுப் பக்கம் போவதாகச் சொன்னானாம் என்று உம்மாவை மறுபடி அழைத்து விசாரித்துச் சொன்னேன்.

"அப்ப இஞ்சாலதான் வாறான். கைய கழுவுங்க மகன், மோட்டச்சைக்கிள எடுங்க. அவனுகள் தகரத்தக் கண்டா மிதிச்சுச் சப்பட்டையாக்கித்தான் ஏத்துவானுகள்."

அதுவரை அது எனக்கு உறைக்கவே இல்லை. இடம் பிடிக்கும் என்பதற்காகத் தகரச் சாமான்களை மிதித்து மட்டமாக்குவார்களே! மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி, அவளால் வர முடியாது. அவளுடைய ஹெல்மட்டை முக்காட்டுக்கு மேல் மாட்டிக்கொண்டு மாமியே ஏறிவிட்டார். நேரே கதைக்காத மாமியைப் பின்னால் வைத்துக்கொண்டு சாய்ந்தமருது மெயின் ரோட்டில் நான் போவதை முழுக் கடைத்தெருவும் நின்று பார்த்தது. "மெதுவாப் போங்க" என்று மாமி சொல்வார் என நினைத்தேன். "அந்த பஸ்ஸ வெட்டுங்க" என்றார்.

காரைதீவில் ஒரு குறுகிய ஒழுங்கைக்குள் ஒலிபெருக்கி கேட்டது. பழைய இரும்பு, பழைய பெட்டரி, உடைஞ்ச கதிரை... உள்ளே திரும்பினோம். ஒரு வேலியோரம் ஓட்டோ நின்றது. என் வயதுக்காரர் ஒருவர் தரையில் சாமான்களைக் கொட்டி ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டிருந்தார். பிஸ்கட் தகரம் ஏற்கனவே சப்பட்டை. அதன்மேல் என் ஸ்டேஷன், கூரை நடுவால் மடிந்து கிடந்தது. சிவப்பு எஞ்சின் அவருடைய செருப்புக்கு நேர் கீழே.

நான் பிரேக் பிடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"தம்பீ! கால எடுங்க!"

அவர் ஒற்றைக் காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டார். ஹெல்மட் போட்ட ஒரு பெண்மணி மோட்டார் சைக்கிளிலிருந்து குதித்து வருவதைப் பார்த்து, அந்தக் காலை எங்கே ஊன்றுவதென்று மறந்துபோனார்.

"அக்கா, நான் களவெடுக்கல்ல. ஒரு உம்மாதான் தந்தவங்க."

"ஆரு களவெண்டு சொன்ன? தந்தது பிழையாப் போச்சு. இத அப்பிடியே தாங்க, எங்கட வளவுக்குள்ள பழைய கேட் ஒண்டு கிடக்கு. வந்து ஏத்திக்கிட்டுப் போங்க."

"இந்த விளையாட்டுச் சாமானுக்கா ஒரு கேட்?" அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"விளையாட்டுச் சாமானோ என்னவோ எனக்குத் தெரியாது. இது எங்கட மருமகன்ட சாமான்."

நான் குனிந்து பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நல்லவேளை, முகத்தை யாரும் பார்க்கவில்லை. அந்தச் சகோதரரும் என்னோடு சேர்ந்து மணலில் துழாவி, விழுந்து கிடந்த சாவியைத் தேடி எடுத்துத் தந்தார். பிறகு எங்கள் பின்னாலேயே வந்து கேட்டை ஏற்றிப் போனார்.

கல்முனைக் கடையைப் பூட்டிவிட்டு மாலையில் வந்த மாமா, பின்வளவைப் பார்த்து, "இதுல கிடந்த கேட் எங்க?" என்றார். "கோச்சிக்குக் குடுத்திட்டன்" என்றார் மாமி. மாமா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அவருக்கு விளங்கிவிட்டது என்று நான் நினைக்கவில்லை.

எஞ்சின் தப்பியது. பெட்டிகளில் ஒன்றுதான் நசுங்கியிருந்தது. சுரங்கம் போயே போய்விட்டது. ஸ்டேஷனை மணல் பையின் மேல் வைத்து மெதுவாக அழுத்தி எடுக்க வேண்டும், சுத்தியல் பட்டால் அச்சு உதிரும். உருண்டையாக ஏதாவது வேண்டுமே என்று நான் தேடியபோது, மாமி ஒரு தேங்காய்ச் சிரட்டை அகப்பையை நீட்டினார். "கழுவித் திருப்பித் தரணும். கறி அகப்பை." சுவர்களும் வாசலும் நிமிர்ந்துவிட்டன. கூரையில் மட்டும் நடுவால் ஒரு வெள்ளை மடிப்பு நின்றுவிட்டது.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தபோது விறாந்தையில் புதுப் பீங்கான் கோப்பைகள் பத்திரிகையில் சுற்றப்பட்டு ஒரு பெட்டிக்குள் இருந்தன. மனைவியின் கல்யாணத்துக்கு வாங்கி, ஷோகேஸின் நடுத்தட்டில் வைத்து, மாமி யாரையும் தொட விடாத கோப்பைகள் அவை. இப்போது அந்தத் தட்டில் எஞ்சினும் பெட்டிகளும் ஸ்டேஷனும் நின்றன. எஞ்சினைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள். நான் அதைத் திருத்தவில்லை. மனைவி சிரித்தாள். "தூசி தட்டுறது நீங்கதான், சொல்லிட்டன்."

மறுநாள் விடிந்ததும் மாமி ஒரு சந்தைப் பையை என் கையில் தந்தார். "மகன், மீன் வாங்கிக்கிட்டு வாங்க. பழைய மீனக் கட்டி விட்டிருவானுகள், செவுளக் கிளப்பிப் பாத்து எடுங்க." நான் செவுளைப் பார்க்காமலே வாங்கி வந்து, அந்த வீட்டில் முதன்முதலாக ஏச்சும் வாங்கினேன். அன்று கல்முனைக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம்.

இப்போது என்னிடம் இன்னும் சில ரயில்கள் சேர்ந்துவிட்டன, கையும் முன்பைவிடப் பழகிவிட்டது. அந்தக் கூரை மடிப்பைத் தெரியாமல் ஆக்க வழி கற்றுக்கொண்டேன். ஆனாலும் ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் அதை விரலால் ஒருமுறை தடவிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறேன். நான் அந்த வீட்டுப் பிள்ளையான நாளுக்கு என்னிடம் இருக்கும் ஒரே அடையாளம் அதுதான்.